டம்ளரை நகர்த்தியவள்

நுண்ணோக்கியில் ரத்தத் துளிகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. சிறு வயதிலிருந்தே எனக்கு டூரெட் என்ற நரம்புக் கோளாறு. கழுத்து திடீரென்று வலப்பக்கம் வெட்டும். வலக்கையும் கூடவே வீசும். டிக் என்பார்கள். மனைவி இறந்த பிறகு வெட்டு பலமாகிவிட்டது. இப்போது விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. கழுத்து நரம்பு நசுங்குகிறது, இப்படியே விட்டால் கை வேலைக்கு உதவாது என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருந்தார். மாத்திரையைக் கூட்டினால் நுண்ணோக்கி மேலேயே தூங்கி விழுகிறேன்.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம். நரம்பியல் மருத்துவர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரே கதையை மூன்று அறைகளில் ஒப்பிக்க வேண்டியதில்லை. வீட்டு ஆள் ஒருவரும் வர வேண்டும். என் மனைவியின் தங்கை வந்திருந்தாள்.

உளவியலாளர் பயிற்சியை விளக்கினார். தும்மலுக்கு முன் மூக்கில் எழுவதுபோல, டிக் வருமுன் உடம்பில் எங்கோ ஓர் உறுத்தல் எழும். உடனே தாடையை உள்ளிழுத்துக் கழுத்தை மெல்ல இறுக்கிக்கொண்டால் வெட்டு அடங்கும். எனக்கு அது எங்கே எழுகிறது என்று கேட்டார்.

முன்பு எழுந்தது, இப்போது எதுவுமே தெரிவதில்லை என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். "அது தெரியலைன்னா பயிற்சியை ஆரம்பிக்கவே முடியாதே."

"அக்காவுக்குத் தெரியும்" என்றாள் மைத்துனி.

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சாப்பிடும்போது அக்கா பேச்சை நிறுத்தாமலே என் டம்ளரை நகர்த்தி வைப்பாளாம். அடுத்த நொடி என் கை வீசுமாம். மேசையை ஒழுங்குபடுத்துகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"எப்படிக்கா தெரியுதுன்னு கேட்டா, 'உங்க அத்தான் கதவைத் தட்டிட்டுத்தான் வருவார்'னு சிரிப்பா. அதுக்கு மேல சொல்லமாட்டா."

அக்கா எந்தப் பக்கம் உட்காருவாள் என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டாள். இடப்பக்கம். நாற்காலியை அங்கே இழுத்துப்போட்டுக்கொண்டாள். என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, எங்களைப் பேசிக்கொண்டிருக்கச் சொன்னாள்.

மைத்துனி ஆரம்பித்தாள். "அத்தான் முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப அம்மா எதைக் கேட்டாலும் தலையை வெட்டினார். அம்மா உள்ளே வந்து, 'இவருக்கு நம்ம வீட்டுல எதுவுமே பிடிக்கலையாடி'ன்னாங்க."

மருத்துவர் சிரித்தார். என் கழுத்து வெட்டியது. தண்ணீர் அவர் சட்டையில்.

"இடது கட்டைவிரல்" என்றாள் பிசியோதெரபிஸ்ட். வெட்டுக்கு முன் அது மற்ற விரல்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறதாம். மருத்துவர் ஈரச் சட்டையோடு மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். அடுத்த வெட்டுக்கும் அப்படியேதான் நடந்தது.

டம்ளரை மறுபடி நிரப்பினார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரே ஒரு ரத்த அணுவைத் தேடுவதுபோல அந்த விரலைக் கவனித்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அதன் அடியில் ஈர நூல் காய்ந்து சுருங்குவதுபோல ஒரு சிறு இறுக்கம். கையேறித் தோளுக்கு வந்தது.

"வருது" என்றேன்.

தாடையை உள்ளிழுத்தேன். அதற்குள் என் வலக்கை டம்ளரை நகர்த்திவிட்டிருந்தது. கழுத்து அசைந்தது, பாதிதான்.

உளவியலாளர் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும், அவள் அக்கா என்னிடம் வேறு என்னவெல்லாம் கவனித்திருந்தாள் என்று மைத்துனியிடம் கேட்டேன்.

"இப்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு, அத்தான்?" என்றாள்.