இதர சாமான்

பெவினுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. கண்டெய்னரைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதைத் தாளில் எழுத வேண்டும். போன மாதம் ஒன்றைத் திறந்தவன், உள்ளே கண்டதற்குப் பெயர் தெரியாமல் ‘இதர சாமான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அப்படி என்னதான் இருந்தது என்று மனைவி ஜெமி துருவித் துருவிக் கேட்டும், சாமான்தான் என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் அவனுக்கு எல்லாமே சாமான்தான். ஜெமி நாசரேத்துக்காரி, தமிழ் டீச்சர். பெயர்ச்சொல் நடத்தியே தொண்டை தேய்ந்தவள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், எனக்குப் புருஷன் மக்கு என்று முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

ஒரு நாள் அதிசயமாக மழை. அந்தச் சாமானை எடு என்று அவன் மூலையைக் காட்டினான். விரித்துக் கொடுத்த பிறகுதான், அதன் பெயர் தன் வாயிலும் இல்லை என்று ஜெமிக்குத் தெரிந்தது. கறுப்புத் துணி, வளைந்த பிடி, மழைக்குப் பிடிப்பது. எல்லாம் தெரிகிறது, பெயர் மட்டும் போய்விட்டது. மறுநாள் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் குடிப்பதன் பெயரும் போயிற்று. அவன் எதைச் சாமான் என்கிறானோ, அதன் பெயர் இவளுக்கும் இல்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரே மகளை அவன் இன்னும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். ஜெமி சாக்பீஸை எடுத்து ஹால் சுவரில் ‘பெனிஷா’ என்று பெரிதாக எழுதினாள்.

“வேற எதை வேணும்னாலும் அப்படிச் சொல்லுங்க,” என்றாள். “பிள்ளைய மட்டும் பேரு சொல்லிக் கூப்பிடுங்க.”

பெவினுக்கும் பயம்தான். பாடம் ஒப்பிப்பதுபோல் அந்தப் பெயரை இரவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கிடந்தான்.

மறுநாள் ஜெமி லீவு போட்டாள். சாயங்காலம் நாலரைக்கு ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டது. ஜன்னலருகே நின்ற பெவினின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன, மறுபடி ஒட்டின. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

“ஏளா,” என்றான் மெதுவாக. “சாமான் வந்துட்டு.”

ஜெமி திரும்பினாள். சுவரில் ‘பெனிஷா’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையதுதான், எதற்காக எழுதினோம் என்பதுதான் பிடிபடவில்லை.

வாசலில் இரட்டைச் சடையும் யூனிஃபார்முமாக ஒரு சாமான் நின்றது. அது ஜெமியைப் பார்த்து, அம்மா, பசிக்குது என்றது.