மூக்கர் கடை ரொட்டி

கடைப் பலகையில் என்னவோ பெரிய பெயராக எழுதியிருந்தது. ஆனால் யாரைக் கேட்டாலும் மூக்கர் கடை என்றுதான் சொல்வார்கள். மனுஷன் ஒரு நாளும் கடிகாரம் பார்த்து ரொட்டி எடுத்ததில்லை. பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டே இருப்பார். திடீரென்று மூக்கைத் தூக்கி, "ஆச்சு!" என்பார். அடுப்பைத் திறந்தால் ரொட்டி பொன்னாகச் சிவந்திருக்கும்.

அந்த மூக்குதான் காலை வாரிவிட்டது. ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து டீ, துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. பிறகு வாசனையும் ஒன்றொன்றாகக் கழன்றுகொண்டது. கடிகாரத்தை நம்பலாமென்றால் அந்த விறகடுப்பு நாளுக்கொரு விதமாக எரியும். அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு இறங்கி ரொட்டி அமுங்கிவிடும். விஷயம் வெளியே தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார வேண்டியதுதான் என்று பயந்தார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆனாலும் ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை. அதுதான் ஆச்சரியம்!

கருகாததற்குக் காரணம் மனைவியின் தொணதொணப்பு என்றுதான் அவர் நினைத்தார். "ஏங்க, இந்த பல்பு மினுக்குது, வந்து பாருங்க!" என்று முன்னாலிருந்து குரல் வரும். "வேலை நேரத்துலதான் இவளுக்குப் பல்பு ஞாபகம் வரும்" என்று முணுமுணுத்தபடி எழுவார். அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற போக்கில் திறந்து பார்த்தால், ரொட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். மறுபடி, "ஏங்க, டிராயர் திறக்கல!" அப்போதும் சரியான பதம். தன் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையிலிருந்து குரலே வரவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார். புகை வந்து கண்ணை எரித்த பிறகுதான் ஓடினார். தட்டு முழுக்கக் கரி.

முன்பக்கத்திலிருந்து மனைவி ஓடிவந்தாள். மூக்கு சிவந்து, கையில் கைக்குட்டை.

"ஐயோ, எல்லாம் என்னாலதாங்க! ராத்திரியிலேருந்து ஜலதோஷம். மூக்கு அடைச்சுப்போச்சு, ஒண்ணும் தெரியல."

"உனக்கு மூக்கு அடைச்சா என் ரொட்டி ஏன்டி கருகணும்?" என்று கேட்டவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பல்பும் டிராயரும் வரிசையாக நினைவுக்கு வந்தன. "அப்போ... அது எல்லாம் நீயா?"

"பின்னே? அன்னிக்குத் திரிஞ்ச பால்ல தெரியாம டீ போட்டுட்டேன். நீங்க ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டு டம்ளரையும் கழுவி வெச்சீங்க. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நான் கேட்டு உங்க முகம் வாடிட்டா?"

அவர் மாவுக் கையோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தும்மினாள்.

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். "நல்லவேளை, நீங்களா மாத்திரைய நிறுத்தல. வேற எழுதறேன். ஆனா வயசும் ஒரு காரணம். பழைய மாதிரியே முழுசா வரும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ஜலதோஷம் போனதும் குரல் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

"ஏங்க, பூனை கல்லா மேல ஏறிடுச்சு!"

"நம்மகிட்ட ஏதுடி பூனை? ரொட்டின்னே சொல்லேன்."

"கடையில ஆள் நிக்குது. மூக்கர் மூக்கு போச்சுன்னு ஊருக்கே சொல்லணுமா? வாங்க, பூனைய விரட்டுங்க!"

சிரித்துக்கொண்டே போய் ரொட்டியை எடுத்தார்.

சில வாரம் கழித்து ஒரு காலை, மாவில் கையை வைத்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல லேசாக, மிக லேசாக, ஏதோ ஒன்று மூக்கில் பட்டது. வெந்த ரொட்டி! பாதி எழுந்துவிட்டார். "ஆச்சு" என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது.

அதை விழுங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவள் கூப்பிடட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

"இதோ வந்துட்டேன்மா" என்று எழுந்தார்.