இடது காதுக்கு மேலே ஓடும் வாய்க்கால்

ரெமிஜியஸின் மூளைக்குள் கோரையடி வாய்க்கால் ஓடுவது ஸ்கேனில் தெரிந்த மார்கழிச் செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூர் மருத்துவமனை அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நரம்பியல் மருத்துவர் ஸ்ரீரஞ்சனி. எதிரே ரெமிஜியஸ். அவருக்கு இடப்பக்கம், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், மனைவி விண்ணரசி. கதவோர முக்காலியில் கடைமடை விவசாயிகள் சங்கச் செயலாளர் சாம்பசிவம்.

மருத்துவர் விரல் வைத்துக் காட்டினார். காதுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, மூளையின் இரண்டு துண்டுகள் கடல்குதிரை போல் வளைந்து சுண்டுவிரல் நீளத்தில் இருந்தன. வழியையும் பெயரையும் மனிதன் அங்கேதான் சேர்த்துக்கொள்கிறான். இடப்பக்கத்தது சுருங்கிவிட்டது, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்குள் பதினாறு மதகுகளோடு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"பதினோராவது மதகுல ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு," என்றார் சாம்பசிவம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

விண்ணரசி ஆச்சரியப்படவில்லை. மதகு திறக்கும் லஸ்கர் வேலையிலிருந்து கணவர் ஓய்வுபெற்று நான்கு வருடம். புதியவர் ஷட்டரைத் தூக்குவார், தண்ணீர் அசையாது. ரெமிஜியஸ் வீட்டில் காப்பி குடித்தபடி மதகுகளை வரிசையாகச் சொன்னால் கடைமடை வரை ஏறும். அவர் வலிப்பில் விழுந்தபோதெல்லாம் கரை உடைந்தது.

"எடுத்துட்டா வலிப்பு நிக்கும். விட்டா, அடுத்ததே கடைசியா இருக்கலாம்," என்றார் மருத்துவர்.

"என் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார் விண்ணரசி.

"அது ஸ்கேன்ல தெரியாதுங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா திட்டுற. ரெண்டு பக்கமும்தான் இருப்ப," என்றார் ரெமிஜியஸ்.

கதிர் பால் பிடிக்கும் நேரம். சங்கம் கூடி, மூளை அறுவையைத் தை அறுவடைக்குப் பின் தள்ளிவைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது, நகல் மருத்துவருக்கு. அந்த வாரம் மூன்று வலிப்பு, மூன்று உடைப்பு.

"இருபது நாள் பொறுத்துக்கங்கம்மா," என்றார் விண்ணரசியிடம் வீடு தேடி வந்த சாம்பசிவம்.

"எதை எதோட வச்சு நிறுக்கிறீங்க சார்?"

அவர் உட்காராமலே திரும்பிப் போனார்.

விண்ணரசி மருத்துவருக்குச் சம்மதக் கடிதம் எழுதினார். ஒன்று, அறுவடைவரை காத்திருக்க மாட்டோம். இரண்டு, எடுத்ததைக் குப்பையில் போடாமல் எங்களிடம் தரவும். தண்ணீர் நிற்காமலிருக்க அதைத் தலைமதகில் வைக்க வேண்டும். மூன்று, அதை வாங்கிக்கொள்ள சாம்பசிவம் சார் வருவார். நான்கு, இவர் கண் விழிக்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி போடவும். என்னைத் தெரியவில்லை என்றால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் கேள்விப்பட்ட சாம்பசிவம் எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். விண்ணரசி கோரையடித் தண்ணீரில் விளைந்த சோற்றுப் பருக்கை இரண்டை நசுக்கி உறையை ஒட்டி, காயும்வரை ஊதி, மன்னார்குடியில் பதிவுத் தபாலில் சேர்த்தார்.