முந்திக்கொண்ட தீர்ப்பு

இருபது வருடப் பழக்கத்தில், நீதிபதி வாய் திறக்கும் முன்பே தட்டச்சு அம்மாவின் விரல்கள் ஓடிவிடும். மாமியாருக்கு விஷம் வைத்ததாக வழக்கில் மாட்டிய மருமகளை, முதல் நாளே முகத்தைப் பார்த்து, கல்நெஞ்சக்காரி என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"குற்றம் நிரூபிக்கப்படலை, விடுதலை. போட்டுக்கோங்க," என்றார் நீதிபதி.

திரையில் 'குற்றவாளி' என்றிருந்தது. பதறிப்போய் அழித்துவிட்டு, 'விடுதலை' என்று அடித்தாள். மறுபடியும் 'குற்றவாளி' என்றே வந்து நின்றது.

"என்னம்மா, விரல்ல சுளுக்கா?" என்று சிரித்தபடி எட்டிப் பார்த்தவர், இமைக்காமல் படித்தார். "சரியாத்தானே இருக்கு?"

"ஐயா, நீங்க விடுதலைன்னு சொன்னீங்களே!"

"நானா? ஆயுள் தண்டனைன்னு சேத்துக்கோங்க."

அவள் கைகளை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். விசைகள் தாமாகவே அமுங்கத் தொடங்கின.