முன்வாசல் மெஷின்

"சாவி எங்க?"

சட்டைப் பையைத் தடவி, அலமாரியைக் கலைத்து, தலையணையை உதறிப் பார்த்த பிறகுதான் சூப்பர்வைசர் மனைவியிடம் வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

"விளையாடாத. மணி அடிச்சுடுவாங்க. பின்கதவு சாவியைக் குடு."

"பூட்டத்தானே கேக்குறீங்க? தரமாட்டேன்."

இருவருக்கும் வேலை ஒரே தையல் கம்பெனியில். அவர் மேற்பார்வை, அவள் காலர் தைப்பவள். அந்தக் கூடத்துக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. வேலை தொடங்கியதும் பின்வாசலில் பூட்டு விழும். எப்போதோ எவளோ ஒருத்தி அந்த வழியாக ஒரு சட்டையைக் கொண்டுபோய்விட்டாளாம். அவள் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுக்குரிய தண்டனையை மட்டும் கூடம் நிறையப் பெண்கள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் முதலாளி தெருவின் மேல் உயிரையே வைத்திருப்பவர். தீ விபத்து வந்தால் ஜனங்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று மேடை போட்டுப் பேசி, வீட்டுக்கு ஒரு சிவப்பு மணல் வாளி கொடுத்தார். வாளியில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். சூப்பர்வைசர் வீட்டு வாளி வாசற்படி ஓரம் இருந்தது.

நேற்று மதியம் நடுக்கூடத்து இஸ்திரி மேசையில் ஒயர் தீய்ந்து கூடமெல்லாம் புகை. பின்வரிசைப் பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசர் பையில், சூப்பர்வைசரோ தெருமுனையில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். கீச்சுக்குரல் என்று எல்லாரும் கேலி செய்யும் பெண் கதவை அடித்து அடித்தே கை வீங்கிப் போனாள். யாரோ மெயின் சுவிட்சை அணைத்ததால் பிழைத்தார்கள்.

சூப்பர்வைசர் மனைவியின் மெஷின் முன்வாசலை ஒட்டி இருந்தது. முதலில் வெளியே வந்தவள் அவள்தான். தெருவில் நின்று மூச்சு வாங்கும்போது உள்ளேயிருந்து அந்தக் கீச்சுக்குரல் கேட்டது. நேற்று வரை அதைக் கேட்டுச் சிரித்தவள், இரவு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"அதான் ஒயரை மாத்தியாச்சே, அப்புறம் என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"கதவுல பூட்டு அப்படியேதானே இருக்கு?"

"முதலாளி சொல்றார், நான் பூட்டுறேன். வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்."

"தெருவுல நின்னா மூச்சாவது விடலாம்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன வந்துச்சு? உன்னைத்தான் முன்வாசல்கிட்ட போட்டிருக்கேன்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வெளிச்சம் நன்றாக விழும் என்பதற்காகத்தான் அந்த இடத்தைக் கொடுத்தார் என்று இத்தனை காலம் அவள் நம்பியிருந்தாள். அதைப் பெருமையாகக் கூட நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ தெரிஞ்சேதான் பூட்டுறீங்க" என்றாள் மெதுவாக.

அவர் சுவரைப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மணல் வாளிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, ஒட்டியிருந்த மணலைத் தட்டி அவரிடம் நீட்டினாள். ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் பெருமூச்சு விட்டார். பாவம்.

மணி அடித்ததும் வழக்கம்போல் பின்கதவுப் பக்கம் போனார். கதவை ஒட்டிய கடைசி மெஷினில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்வாசல் மெஷினில் கட்டுப் போட்ட கையோடு கீச்சுக்குரல், யார் வீட்டு நாற்காலியிலோ உட்கார்ந்துவிட்டவள் மாதிரி நெளிந்துகொண்டிருந்தாள்.

"எழுந்து உன் இடத்துக்குப் போ" என்றார் மனைவியிடம்.

"இதுதாங்க என் இடம். பூட்டிட்டுப் போங்க."

ஒவ்வொரு மெஷினாக நின்றது. அவர் பூட்டைக் கையில் எடுத்தார். இத்தனை பெண்கள் முதுகுக்குப் பின்னால் யோசிக்காமல் பூட்டிய அந்தக் கை, இந்த ஒருத்தி முதுகைப் பார்த்துத் தடுமாறியது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். மெஷின் இரைச்சலுக்குப் பழகியவர், பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"பின்கதவு பூட்டியாச்சா?"

"இல்லீங்க... என் வீட்டுக்காரி அங்க உக்காந்திருக்கா."

"அட, இதுக்கா முழிக்கிற? அவளை முன்னாடி மாத்திட்டுப் பூட்டுப்பா."

கூடம் முழுக்கக் கேட்டது. அவள் அடுத்த காலரை ஊசிக்கடியில் வைத்தபடி, போனுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"எல்லாரையும் முன்னாடி மாத்தச் சொல்லுங்க. அப்புறம் பூட்டிக்கலாம்."

"யார்ப்பா அது?" என்றார் முதலாளி.

கீச்சுக்குரல் எழுந்து நின்றாள். "நான்தாங்க" என்றாள். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.