திண்டிவனத்தில் நிற்கும் படகு

எனக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினாலே எரிந்து விழுவேன் என்று என் மனைவி ஆர்த்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. மரக்காணம் பக்கத்துப் படகுகளுக்கு ஒயர்லெஸ், ஜிபிஎஸ் ரிப்பேர். கடைக்கும் கடலுக்கும் முப்பத்தைந்து கிலோமீட்டர்.

படகு ஒயர்லெஸ்ஸில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அதை அழுத்த வேண்டும். படகு இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு கடலோரக் காவல்படை கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போய்விடும். ஆனால் அந்த எண்கள் ஒயர்லெஸ்ஸுக்குத் தானாகத் தெரியாது, பக்கத்திலுள்ள ஜிபிஎஸ் பெட்டிதான் ஒயர் வழியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்ல ஓர் ஒயர், கேட்க ஓர் ஒயர். இதன் வாயை அதன் காதில் சேர்க்க வேண்டும். வாயோடு வாயைச் சேர்த்தால் யார் கேட்பது? அப்படி எண் வந்து சேராவிட்டால் ஒயர்லெஸ் பீப் பீப் என்று உயிரை எடுக்கும். பீப் நின்றால் வேலை முடிந்தது என்பதுதான் இத்தனை வருஷமாக என் கணக்கு.

கடை பெஞ்சில் ஜிபிஎஸ் கிடையாது. அதனால் ரிப்பேருக்கு வரும் செட் ஓயாமல் கத்தும். அதன் வாயை அடைக்க ஒரு வழி இருக்கிறது: இடத்தின் எண்களைக் கையாலேயே அடித்துவிடலாம். நான் என் கடையின் எண்களை அடிப்பேன். பன்னிரண்டு பதினாலு, எழுபத்தொன்பது முப்பத்தொன்பது. மனப்பாடம். படகில் மாட்டும்போது அதை அழித்துவிட வேண்டும்.

படகுக்காரன் ஆரோக்கியராஜின் செட்டை நேற்று சாயங்காலம் மரக்காணத்தில் மாட்டினேன். அவன் என் கழுத்தில் கத்தி வைக்காத குறை.

"ஜல்தியா முடிண்ணா. விடிகாலைல போவணும்."

பழைய ஒயர் உப்பில் அரித்துப் போயிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஒரு பெட்டியில் நீலம், இன்னொன்றில் காவி. எது சொல்வது, எது கேட்பது என்று புத்தகத்தைப் பார்க்காமல் சேர்த்து டேப் சுற்றினேன். ஸ்விட்சைப் போட்டேன். பீப் இல்லை. திரையில் எண்கள் இருந்தன. அவை என்ன எண்கள் என்று நான் படிக்கவில்லை.

"இதை அமுக்குனா நெசமாவே வந்துருவாங்களாண்ணா?" என்றான்.

"நீ எங்க இருக்கியோ அங்கயே வந்து நிப்பாங்கடா. அதுவரைக்கும் நீ மிதந்துக்கினு இருந்தா போதும்."

அவனும் சிரித்தான், படகில் போகும் மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

இன்று காலை வேறொரு செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்கு போன் வந்தது.

"சார், கண்ட்ரோல் ரூம்லருந்து பேசறோம். உங்க போன் நம்பர் குடுத்திருக்கிற ஒரு செட்டுலருந்து ஆபத்துச் செய்தி வந்திருக்கு. இடம் திண்டிவனம் டவுன்னு காட்டுது. டெஸ்ட்டா?"

நான் மாட்டும் எல்லாச் செட்டுக்கும் தொடர்பு எண்ணாக என் நம்பரைத்தான் கொடுப்பேன். கடலுக்குப் போனவன் எங்கே போனை எடுக்கப் போகிறான்? போன மாதம் இதே பெஞ்சில் கை தவறிப் பொத்தானை அழுத்தி, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. சனியன், மறுபடியும் கை பட்டுவிட்டது என்று நினைத்தேன். எந்தச் செட் என்று கேட்கத் தோன்றவில்லை.

"ஆமா சார், என் தப்புதான். கேன்சல் பண்ணிடுங்க. பஸ் ஸ்டாண்டுல யாரு சார் முழுவப் போறாங்க?"

அவரும் சிரித்துவிட்டு வைத்தார்.

பதினொன்றே காலுக்கு ரோஜா வந்தாள், ஆரோக்கியராஜின் மனைவி. மார்க்கெட்டுக்கு வந்தவள், கையில் பை இருந்தது.

"காத்து ஏறிக்கினே போவுதுண்ணா. மனசே சரியில்ல. கெளம்பும்போது இந்தப் போட்டோ அனுப்பிச்சாரு. இந்த நம்பரை வெச்சு ஆளு எங்க இருக்காருன்னு பாக்கலாமாமே? செத்த பாத்துச் சொல்லுங்க."

போனை வாங்கினேன். விடியும் வெளிச்சத்தில் நான் மாட்டிய ஒயர்லெஸ், பக்கத்தில் ஆரோக்கியராஜின் கட்டைவிரல். திரையில் பன்னிரண்டு பதினாலு, எழுபத்தொன்பது முப்பத்தொன்பது.

மரக்காணம் கரையிலேயே எழுபத்தொன்பது ஐம்பத்தேழு காட்ட வேண்டும். முப்பத்தொன்பது என்றால் என் பெஞ்சு. நான் அழிக்க மறந்தது அப்படியே இருக்கிறது. ஒயரை வாயோடு வாயாகத்தான் சேர்த்திருக்கிறேன், ஜிபிஎஸ் சொன்னது ஒன்றும் போய்ச் சேரவில்லை. பீப் நின்றது நான் அடித்த எண்ணால்.

அப்புறம்தான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். பிரித்துப் போட்டிருந்த செட்டுக்கு பேட்டரியே கொடுத்திருக்கவில்லை. காலையிலிருந்து அதில் கரண்ட் இல்லை.

கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டேன்.

"சார், அது டெஸ்ட் இல்ல சார். நெசம். நாலு பேர் சார்."

அந்தப் பக்கம் அவர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னப்புறமும் ரெண்டு தடவை வந்துச்சே. நீங்கதான் இன்னும் டெஸ்ட் பண்றீங்கன்னு இருந்தோம். கடைசியா பதினொண்ணு அஞ்சுக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல."

ரோஜா பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "யாருகிட்டண்ணா பேசறீங்க? அவரு எங்க இருக்காராம்?"

"போட் எங்க இருக்கு, பொசிஷன் சொல்லுங்க சார்," என்றார் போனில் இருந்தவர்.

இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கடையின் எண்கள் மட்டும்தான்.