படுத்தானின் உச்சி

மலைகளைத் தரம் பிரிப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. பல் டாக்டர் வீட்டு மருமகள் வரைபட அலுவலகத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மூவாயிரம் மீட்டரும் அதற்கு மேலும் என்றால் கறுப்பு முக்கோணம். ஒரு விரற்கடை குறைந்தாலும் வெறும் கோட்டு முக்கோணம். புதிய பதிப்புக்காகச் சிகரங்களை மறுபடி அளந்துவிட்டு வந்த சர்வேயர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் கணினியில் பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போட்டுக்கொண்டே வந்தாள். சாண் ஏறும், முழம் இறங்கும். தரம் மட்டும் மாறாது.

"படுத்தான், மூவாயிரத்து ஒண்ணு," என்றார் சர்வேயர்.

அவள் கை நின்றது. கூர்கூரான சிகரங்களுக்கு நடுவே, உண்ட மயக்கத்தில் சாய்ந்தவனைப் போலக் கிடக்கும் மலை அது. பழைய படத்தில் மூவாயிரத்துக்கு நாலு மீட்டர் குறைவு.

"அஞ்சு மீட்டர் எப்படிங்க கூடும்? மலை என்ன வளர்ற பிள்ளையா?"

"மலை வளரலைங்க. அந்தக் காலத்துல பள்ளத்தாக்குல நின்னு பார்த்து அளந்திருக்காங்க. கீழேருந்து பார்த்தா முன்னால இருக்கிற தோள்தான் உச்சி மாதிரி தெரியும். பின்னால ஒரு பாறை ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு. அதுதான் நிஜ உச்சி."

"இத்தனை வருஷமா யாரும் மேலே போய்ப் பார்க்கலையா?"

"சுத்தி இவ்வளவு பெரிய மலைங்க நிக்கும்போது இதுமேல யாருங்க ஏறுவாங்க? ஆடு மேய்க்கிறவங்க போவாங்க. அவங்ககிட்ட நாம கேட்டோமா?"

தரம் மாறினால் இன்னொரு முறை அளக்க வேண்டும் என்பது அலுவலக விதி. சனிக்கிழமை போவதாகவும், விரும்பினால் அவளும் வந்து பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு சர்வேயர் எழுந்து போனார். அவளுக்கோ மலையைவிட மாமனார்தான் மனதில் நின்றார்.

மாமனார் வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்ப்பார்; விடுமுறை வந்தால் மலைக்கு ஓடிவிடுவார். அந்த வட்டாரத்து மூவாயிரம் மீட்டர் சிகரங்களில் ஒன்றுவிடாமல் ஏறுவது என்று இளவயதில் கங்கணம் கட்டிக்கொண்டவர். போன கோடையில்தான் கடைசிச் சிகரத்தை முடித்தார். இறங்கும்போது முட்டி பிசகியது. எல்லாம் முடிந்தால் வீட்டோடு இருப்பேன் என்று மாமியாருக்குக் கொடுத்திருந்த வாக்குப்படி, இப்போது முன்னறையில் காலை நீட்டிக்கொண்டு வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சமையலறையில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கத்தி அந்தரத்தில் நின்றது.

"அஞ்சு மீட்டர்தானே? கண்டும் காணாம விட்டுடேன். அடுத்த தடவை படம் போடும்போது பார்த்துக்கலாம்."

"எப்படி அத்தை விடறது? உச்சி அங்கே இருக்கே."

"உன் மாமாவுக்குத் தெரிஞ்சா முட்டியோடயே கிளம்பிடுவாரு."

"முட்டி இல்லாம எப்படி அத்தை கிளம்புவாரு?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தவர் முகத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்தப் பாறை எவ்வளவு பெரிசு, அதன்மேல் கருவியை எப்படி வைப்பார்கள், அளக்கும்போது காற்றடித்தால் எண் மாறுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மருமகளுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. அவளும் எந்த மலையிலும் ஏறியவள் அல்ல.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பறேன். அப்படி என்னதான் இருக்கு அங்கே?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை நானும் வரலாமா?"

துணிக்கடைக்குப் போவதாக மாமனாரிடம் சொல்லிவிட்டு இருவரும் சர்வேயரின் ஜீப்பில் ஏறினார்கள். மலையின் பின்பக்கம் பாதி உயரம்வரை மண்பாதை போனது. அங்கிருந்து ஆட்டுத்தடம். மாமியார் பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றார். நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டார். மருமகளுக்கு அந்தக் கேள்விகள் வசதியாக இருந்தன. அவளுக்கும் மூச்சு வாங்கியது, ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை.

தோளுக்கு வந்தபோது அதன் விளிம்பில் இருந்த சிறு மேடு ஒன்றைச் சர்வேயர் காட்டினார். "முன்னாடி இதைத்தான் உச்சின்னு நினைச்சிருக்காங்க." அவர்களுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பூனைபோல உட்கார்ந்திருந்தது அந்தப் பாறை. தொட்டுவிடும் தூரம்தான். மருமகள் பாறையையும் மேட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். இத்தனை காலம் அவள் படத்தில் இருந்த முக்கோணம் தவறான இடத்தில் நின்றிருக்கிறது!

சர்வேயர் பாறைமேல் ஏறி முக்காலியைப் பொருத்தி, அதன்மேல் கருவியை வைத்து அளந்து முடித்தார். மாறவில்லை, மூவாயிரத்து ஒன்றுதான். பிறகு மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தவழ்ந்து, மருமகள் தள்ள, சர்வேயர் இழுக்க, பாறைமேல் போய்ச் சேர்ந்தார்.

"உட்கார்ந்தா கணக்குல சேருமா, எழுந்து நிக்கணுமா?"

"உட்கார்ந்தாலே போதும்மா," என்றார் சர்வேயர்.

மாமியார் எழுந்தே நின்றார். எதிரே சிகரங்கள் வரிசையாக நின்றன. மருமகள் ஒவ்வொன்றின் பெயராகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"அது அவரு கணுக்கால் சுளுக்கிக்கிட்டது. அது ரெண்டு நாள் காய்ச்சல். அந்த உடைஞ்ச மூக்கு மாதிரி இருக்கே, அங்கேதான் பல்லை உடைச்சுக்கிட்டு வந்தாரு. பல் டாக்டரே பல்லைப் பிடிச்சிக்கிட்டு வந்து நின்னா யாருகிட்ட போறது?" வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு நல்லா இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லலையே பாவி மனுஷன்."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாமனார் தொலைக்காட்சியை அணைத்தார்.

"படுத்தானா? அதுக்குக் கீழே உட்கார்ந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்! தலையைத் திருப்பிப் பார்த்ததில்லையே." எழுந்து நிற்கப் பார்த்தார். முட்டி இடம் கொடுக்கவில்லை. "அப்போ எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி."

"உங்களுக்குத்தான் பாக்கி," என்றார் மாமியார். "நான் ஏறியாச்சு."

மாமனார் மனைவியின் புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த முள்ளைப் பார்த்தார், மண் படிந்த செருப்பைப் பார்த்தார். துணிக்கடை மண் இல்லை அது. கோபிப்பார் என்று மருமகள் காத்திருந்தாள். அவரோ நாற்காலியை மனைவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேலேருந்து என்னவெல்லாம் தெரியுது? பாறைக்கு எந்தப் பக்கமா ஏறினே? வழுக்குதா?" இத்தனை வருஷத்தில் அவர் மனைவியிடம் மலையைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை. மாமியார் நிதானமாக, கால் மடக்கி உட்கார்ந்து, ஆட்டுத்தடத்திலிருந்து ஆரம்பித்தார்.

முட்டி தேறியதும் அவரை அழைத்துப் போனது மாமியார்தான். முன்னால் அவர், பின்னால் தடியோடு மாமனார். பாறையில் ஏறும்போது எந்த இடுக்கில் கால் வைப்பது என்று மாமியார் சொல்ல, அவர் மறுபேச்சில்லாமல் வைத்தாராம்.

திரும்பி வந்த அன்று மாமியார் மருமகளின் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற மலைங்க எத்தனை இருக்கும்?"

"அதையெல்லாம் யாரும் எண்ணறதில்லை அத்தை."

"நல்லதாப் போச்சு," என்றார் மாமியார். "எனக்கு மட்டும் எண்ணிச் சொல்லு."